காலிப் பீப்பாய்க்கும் காகிதம் உண்டு

கேள்வி: பெயிண்ட், தின்னர், துப்புரவு ரசாயனங்கள் தயாரிக்கும் ஒரு நடுத்தர நிறுவனத்தில் வேலை செய்கிறேன். கணக்குப் பிரிவில் இருந்த என்னை மூன்று மாதங்களுக்கு முன் சரக்கு அனுப்பும் பிரிவுக்கு மாற்றினார்கள். வாராவாரம் ஏறக்குறைய அதே சரக்கு, அதே வாடிக்கையாளர்கள் என்பதால், எனக்கு முன் இருந்தவர் பழைய ஆவணத்தில் தேதியையும் வண்டி எண்ணையும் மட்டும் மாற்றி அச்சிட்டு வந்தார். திரும்பி வரும் காலி டிரம்களுக்கு எந்த ஆவணமும் கிடையாது. பதிவேட்டு அறை நிரம்பிவிட்டதால், பழைய கோப்புகளை ஸ்கேன் செய்துவிட்டு அழித்துவிடலாம் என்கிறார் மேலாளர். இவற்றில் எது சரி, எது தவறு? உண்மையில் இந்தக் காகிதங்களை அரசாங்கத்தில் யாராவது படிக்கிறார்களா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றுக்கான பதிலும் அதில்தான் தொடங்குகிறது. நீங்கள் அச்சிடும் சரக்கு ஆவணங்களில் பெரும்பாலானவற்றை எந்த அதிகாரியும் வரிக்கு வரி படிக்கப்போவதில்லை. வழியில் சோதனை செய்பவர் புரட்டிப் பார்ப்பார். தணிக்கைக்கு வருபவர் கட்டிலிருந்து சிலவற்றை உருவிப் பார்ப்பார். லாரி கவிழ்ந்து ஓட்டுநர் மயங்கிக் கிடக்கும் வேளையில், உங்களையும் உங்கள் தொழிற்சாலையையும் கண்டே இராத ஒரு தீயணைப்பு வீரர் ஓட்டுநர் அறைக்குள் கையை விட்டு எடுத்துப் படிக்கிறாரே, அவருக்காகத்தான் அந்த ஆவணம் எழுதப்படுகிறது. அவர் படிக்கும் நாளில் அதில் இருக்க வேண்டியது இருக்கும்படி முன்கூட்டியே உங்களைக் கட்டாயப்படுத்துவது மட்டுமே அரசாங்கத்தின் வேலை.

அவர் முதலில் தேடுவது ஒரு நான்கு இலக்க எண்ணை. ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் குழு 1956இல் முதன்முதலாக வெளியிட்டு, இப்போது இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தி வரும், அபாயகரமான சரக்குப் போக்குவரத்துக்கான பரிந்துரைத் தொகுப்பிலிருந்து வருகிறது அந்த எண். அட்டையின் நிறத்தை வைத்து, துறையில் அதை ஆரஞ்சுப் புத்தகம் என்பார்கள். சாலைப் போக்குவரத்துக்கான ஏ.டி.ஆர். ஒப்பந்தம், கப்பலுக்கான ஐ.எம்.டி.ஜி. விதித்தொகுப்பு, விமானத்துக்கான விதிகள், பெரும்பாலான நாடுகளின் உள்நாட்டுச் சட்டங்கள் ஆகியவை இதன் சட்டகத்தைத்தான் பின்பற்றுகின்றன. ஆகவே நான் கீழே சொல்பவற்றின் எலும்புக்கூடு எங்கும் பொருந்தும், காலவரம்புகளும் விலக்குகளும் மட்டும் நாட்டுக்கு நாடு மாறும்.

1203 என்றால் பெட்ரோல். 1230 என்றால் மெத்தனால். தட்டச்சு செய்கையில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் ஒன்று மற்றொன்றாகிவிடும். இரண்டும் எளிதில் தீப்பற்றும் திரவங்கள், இரண்டுக்கும் அதே சிவப்பு லேபிள் உண்டு என்பதால், வண்டியைப் பார்க்கும் எவருக்கும் பிழை உடனே உறைக்காது. ஆனால் பெட்ரோல் தீயை அடக்கும் சாதாரண நுரை, நீரில் முழுமையாகக் கலக்கும் மெத்தனாலின் மேல் நிற்காமல் உடைந்துபோகும். அதற்கு ஆல்கஹாலைத் தாங்கும் தனி நுரை வேண்டும். பகல் வெளிச்சத்தில் மெத்தனாலின் சுவாலை கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது. போதாக்குறைக்கு அது நஞ்சும்கூட: ஆவியை முகர்ந்தாலும் தோலில் பட்டாலும் தீங்கு செய்யும். ஆகவே இலக்கப் பிழை ஒன்று, தவறான நுரையோடு தவறான இடத்தில் ஒரு மனிதரைக் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

அதனால்தான் சரக்கின் விவர வரியை எழுதும் முறையில் விதிகள் இவ்வளவு கறார் காட்டுகின்றன. மெத்தனாலுக்கு அந்த வரி இப்படி இருக்கும்: யு.என். 1230, மெத்தனால், 3 (6.1), II. முதலில் எண், அடுத்து விதிநூலில் உள்ளபடியே எழுதிய சரக்குப் பெயர், பிறகு முதன்மை அபாயத்தின் வகுப்பு (3 என்றால் தீப்பற்றும் திரவம்), அடைப்புக்குறிக்குள் துணை அபாயம் (6.1 என்றால் நஞ்சு), கடைசியில் அபாயத்தின் தீவிரத்தைக் காட்டும் பேக்கிங் குரூப் (I மிகக் கடுமை, III குறைவு). வரிசை மாறக் கூடாது, நடுவில் வேறு எதையும் நுழைக்கவும் கூடாது. உங்கள் நிறுவனத்தின் பிராண்டுப் பெயர் எவ்வளவு புகழ் பெற்றதாக இருந்தாலும் சரக்குப் பெயரின் இடத்தில் அமர முடியாது. பெயரில்லாத கலவைகளுக்கென உள்ள பொதுப்பெயரைப் பயன்படுத்தினால், பல இனங்களில், அபாயத்துக்குக் காரணமான ரசாயனத்தின் பெயரை அடைப்புக்குறிக்குள் சேர்த்தாக வேண்டும். 'கெமிக்கல், 40 டிரம்' என்று மட்டும் எழுதி, முத்திரையும் கையெழுத்தும் அழகாக இட்ட ஆவணத்தை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். அதில் சுங்கத்துக்கும் கணக்குக்கும் வேண்டியதெல்லாம் இருந்தது.

இனி, பழைய ஆவணத்தை நகலெடுக்கும் பழக்கம். சட்டம் மாதிரிப் படிவத்தை எங்கும் தடுக்கவில்லை. அமெரிக்க விதிகளில், ஒரே பெயரும் ஒரே எண்ணும் கொண்ட சரக்கை மாற்றமில்லாத ஒரே ஆவணத்தோடு பலமுறை ஏற்றிச் செல்லும் சாலைப் போக்குவரத்து நிறுவனம், ஒவ்வொரு நடையின் பெயர், எண், அளவு, தேதி ஆகியவற்றைத் தனியே பதிந்து வைத்தால், ஆவணத்தின் ஒரு நகலை மட்டும் காப்பாற்றினால் போதும் என்ற சலுகைகூட உண்டு. ஆனால் 'ஏறக்குறைய அதே சரக்கு' என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அந்த ஏறக்குறைய என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. பெயிண்டுக்கான எண் 1263. தின்னர் உள்ளிட்ட பெயிண்ட் சார்ந்த பொருள்களும் அதே எண்ணின் கீழ் வரும். ஆனால் பேக்கிங் குரூப் ஒன்றல்ல. தீப்பற்று வெப்பநிலை, அதாவது பொறி பட்டால் ஆவி தீப்பற்றத் தொடங்கும் ஃப்ளாஷ் பாயின்ட், 23 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால் பொதுவாக இரண்டாம் குரூப். 23 முதல் 60 வரை இருந்தால் மூன்றாம் குரூப். கொதிநிலையே 35 டிகிரிக்கு மேல் போகாத சரக்கு முதல் குரூப். கெட்டியான கலவைகளுக்குத் தனிச் சலுகைகள் சில உண்டு. கொள்முதல் பிரிவு வேறொரு விற்பனையாளரிடம் மலிவான கரைப்பானை வாங்கிய மாதத்தில், உங்களுக்கு யாரும் சொல்லாமலேயே மூன்றாம் குரூப் சரக்கு இரண்டாம் குரூப் ஆகியிருக்கலாம்.

இந்தப் பிழை தாளோடு நிற்பதும் இல்லை. டிரம்மின் மேல் அச்சாகியிருக்கும் ஐ.நா. குறியீட்டில் எக்ஸ், ஒய், இசட் என்ற எழுத்துகளில் ஒன்று இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். எக்ஸ் டிரம் மூன்று குரூப்களுக்கும் ஏற்றது. ஒய் டிரம் இரண்டுக்கும் மூன்றுக்கும். இசட் டிரம் மூன்றாம் குரூப்புக்கு மட்டும். ஆவணத்தில் தவறாக மூன்று என்று எழுதியிருந்தால், கிடங்கில் இருப்பவர் அதை நம்பி இசட் டிரம்மை எடுப்பார். அவர் மீது குற்றமில்லை.

கனடாவின் லாக்-மெகான்டிக் நகரில் 2013 ஜூலை 6 அன்று கச்சா எண்ணெய் ஏற்றிய ரயில் தடம்புரண்டு தீப்பிடித்ததில் 47 பேர் இறந்தார்கள். நிறுத்தி வைத்திருந்த ரயில் பிரேக் போதாமல் உருண்டதுதான் விபத்தின் தொடக்கம். அதைக் காகிதப் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். ஆயினும் அந்நாட்டின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் எண்ணெயைச் சோதித்தபோது, ஆவணத்தில் மூன்றாம் குரூப் என்று எழுதியிருந்த சரக்கு உண்மையில் இரண்டாம் குரூப்புக்கு உரிய அளவுக்கு எளிதில் ஆவியாகித் தீப்பற்றக்கூடியது என்று கண்டறிந்தது. ஆகவே உங்களுக்கு என் நடைமுறை யோசனை இது: மாதிரிப் படிவத்தை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் அதன் பாதுகாப்புத் தரவுத்தாளை, நம் பேச்சில் எம்.எஸ்.டி.எஸ். எனப்படுவதை, பக்கத்தில் வைத்து, 9ஆம் பிரிவில் உள்ள தீப்பற்று வெப்பநிலையும் 14ஆம் பிரிவில் உள்ள போக்குவரத்து விவரமும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்தாத தாள்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். கலவை மாறினால் அனுப்பும் பிரிவுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்ற ஒரு வரி உத்தரவை உற்பத்தி மேலாளரிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். வகைப்பாட்டுக்கு ஆதாரமான சோதனை அறிக்கையையும் அந்தப் பொருளின் கோப்பிலேயே சேருங்கள். 'ஏன் மூன்றாம் குரூப்?' என்று தணிக்கையாளர் கேட்கையில், 'முன்பிருந்தவர் அப்படித்தான் எழுதினார்' என்பது பதிலாகாது.

காலி டிரம் விவகாரத்தில் உங்கள் நிறுவனத்தின் பழக்கம் தவறு என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். இத்துறையில் 'காலி' என்ற சொல்லைப் போல ஆளைக் கவிழ்த்த சொல் வேறில்லை. 1996 மே 11 அன்று மயாமியிலிருந்து அட்லாண்டாவுக்குப் புறப்பட்ட வேல்யூஜெட் 592 என்ற விமானம், சில நிமிடங்களில் ஃபுளோரிடாவின் சதுப்பு நிலத்தில் விழுந்து, அதிலிருந்த 110 பேரும் மாண்டார்கள். அதன் சரக்கு அறையில் ரசாயன ஆக்சிஜன் ஜெனரேட்டர்கள் அடங்கிய ஐந்து அட்டைப் பெட்டிகள் இருந்தன. அவை காலாவதியானவை, ஆனால் பயன்படுத்தித் தீர்ந்தவை அல்ல. இயக்கப்பட்டால் வெளிக்கூடு கடுமையாகச் சூடேறி ஆக்சிஜனை வெளிவிடக்கூடியவை, பாதுகாப்பு மூடிகளும் மாட்டப்படாதவை. கழற்றியவர்கள் கட்டியிருந்த அட்டையைப் பார்த்து, அவை தீர்ந்துபோனவை என்று அனுப்பும் பிரிவில் புரிந்துகொண்டார்கள். ஆவணத்தில் 'ஆக்சி கேனிஸ்டர்கள் – காலி' என்ற பொருளில் எழுதப்பட்டது. ஏற்றியவர்களும் விமானக் குழுவும் அந்தச் சொல்லை நம்பினார்கள்.

உங்கள் டிரம்கள் விமானத்தில் போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் இயற்பியல் மாறாது. தளும்ப நிரம்பிய தின்னர் டிரம்மில் ஆவிக்கு இடம் குறைவு. ஊற்றித் தீர்த்த டிரம்மிலோ அடியில் ஒரு கிண்ணம் திரவமும் மேலே முழுக்க ஆவியும் காற்றும் கலந்து நிற்கும், ஒரு பொறிக்காகக் காத்திருப்பது போல. நிரம்பிய டிரம்மைவிட காலி டிரம்மை வெல்டிங்காரர் அதிகம் அஞ்சுவது இதனால்தான். எனவே ஆரஞ்சுப் புத்தகத்தில் உள்ள ஐ.நா. மாதிரி விதிகளின்படி, கழுவி ஆவி நீக்கப்படாத கொள்கலன், நிரம்பியிருந்தபோது எந்த அபாயத்தைச் சேர்ந்ததோ அதே அபாயத்தைச் சேர்ந்ததாகவே கருதப்படும். லேபிளைக் கிழிக்கக் கூடாது. ஆவணத்தில் அதே விவர வரியோடு 'காலி, சுத்தம் செய்யப்படாதது' என்றோ 'மிச்சம், கடைசியாக இருந்த பொருள்' என்றோ பொருள்படும், விதிநூல் வகுத்த சொற்றொடரைச் சேர்க்க வேண்டும். வெறுமனே 'காலி' என்று எழுதுவது, எழுதாமல் விடுவதைக் காட்டிலும் மோசம். சீர்படுத்த எடுத்துச்செல்லும் சிறு கொள்கலன்கள் போன்ற சில இனங்களுக்குச் சில நாடுகள் நிபந்தனையோடு ஆவண விலக்கு அளிக்கின்றன. உங்கள் நாட்டின் விதியில் அப்படி ஒன்று இருந்து, அதன் ஒவ்வொரு நிபந்தனையும் உங்களுக்குப் பொருந்தினால் மட்டுமே அதைக் கையாளுங்கள், கையாள்வதற்கான காரணத்தையும் எழுதி வையுங்கள்.

இதில் ஒரு சிக்கலைப் பலரும் கவனிப்பதில்லை. திரும்பும் பயணத்தில் அனுப்புநர் நீங்கள் அல்ல, உங்கள் வாடிக்கையாளர். ஆவணம் தர வேண்டியவரும் அவரே. அவரோ பெயிண்ட் அடிப்பவர், எண்ணும் குரூப்பும் அவருக்கு எப்படித் தெரியும்? ஆகவே சரக்கோடு, திரும்பும் டிரம்முக்கான ஆவணத்தையும் விவர வரியை நிரப்பியே அனுப்பிவிடுங்கள். எண்ணிக்கையும் தேதியும் கையெழுத்தும் மட்டும் அவர் இட்டால் போதும். அனுப்பும் முன் மூடியை இறுக்கச் சொல்லி ஒரு வரியும் அதிலேயே இருக்கட்டும்.

மேலாளரின் யோசனை பாதி சரி. ஏ.டி.ஆர். ஒப்பந்தத்தின்படி சரக்கு ஆவணத்தின் நகலை அனுப்புநரும் ஏற்றிச்செல்பவரும் குறைந்தது மூன்று மாதம் வைத்திருக்க வேண்டும். கப்பல் விதித்தொகுப்பிலும் அதே மூன்று மாதம்தான். அமெரிக்காவில் அனுப்புநருக்கு இரண்டு ஆண்டுகள், ஏற்றிச்செல்பவருக்கு ஓர் ஆண்டு, சரக்கு அபாயகரமான கழிவாக இருந்தால் இருவருக்குமே மூன்று ஆண்டுகள். மின்னணு வடிவில் வைத்துக்கொள்வதை இவ்விதிகள் ஏற்கின்றன. கேட்டபோது அச்சிட்டுக் காட்ட முடிய வேண்டும் என்பதே நிபந்தனை. ஆகவே ஸ்கேன் செய்யலாம், அழிக்கலாம். ஆனால் எதை அழிக்கிறோம் என்று பிரித்துப் பார்த்த பிறகே அழிக்க வேண்டும். விபத்து, கசிவு, வழக்கு, காப்பீட்டுக் கோரிக்கை, நடந்துகொண்டிருக்கும் விசாரணை ஆகியவற்றோடு தொடர்புடைய எந்தத் தாளும் காலவரம்பு முடிந்தது என்பதற்காகத் தீக்கு இரையாகக் கூடாது. ஐ.பி.சி. எனப்படும் ஆயிரம் லிட்டர் தொட்டிகளின் ஆய்வறிக்கை குறைந்தபட்சம் அடுத்த ஆய்வு வரை இருக்க வேண்டும். ஸ்கேன் செய்பவரிடம் தாளின் பின்பக்கத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். ஓட்டுநர் கைப்பட எழுதிய திருத்தங்கள் அங்கேதான் இருக்கும். பிறகு ஒரு சோதனை வையுங்கள்: கடந்த ஆண்டின் ஏதோ ஒரு நாளில் போன ஏதோ ஒரு லோடின் ஆவணத்தை, அந்தப் பிரிவில் வேலை செய்யாத ஒருவர் பத்து நிமிடத்தில் எடுத்துத் தர முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால், நீங்கள் பதிவேட்டு அறையின் குழப்பத்தைக் கணினிக்குள் இடம் மாற்றியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

காகிதச் சுமை பற்றிய உங்கள் சலிப்பு நியாயமற்றது என்று நான் நினைக்கவில்லை. அமெரிக்காவில் இந்தச் சலிப்புக்கென்றே, முதலில் 1980இலும் பிறகு திருத்தி 1995இலும் இயற்றிய ஒரு சட்டம் இருக்கிறது. அதன்படி, ஒரு படிவத்தையோ பதிவேட்டையோ மக்களிடம் கேட்க விரும்பும் அரசுத் துறை, அதற்கு எத்தனை மணி நேரம் செலவாகும் என்று கணக்குக் காட்டி, பொதுமக்களின் கருத்தைக் கேட்டு, ஒப்புதல் எண் பெற வேண்டும்; அந்த ஒப்புதல் அதிகபட்சம் மூன்று ஆண்டுகளுக்கே செல்லும். சரக்கு ஆவணமும் விபத்து அறிக்கையும்கூட இப்படித் திரும்பத் திரும்ப ஒப்புதலுக்குப் போய் வருபவைதான். உங்கள் நாட்டில் வரைவு விதிகளுக்குக் கருத்துக் கேட்கும்போது, வேலைக்கு உதவாத கட்டம் எது என்று எழுதி அனுப்புங்கள். தினமும் நிரப்புபவர் சொல்வதற்கு மதிப்பு உண்டு.

ஆவணம் வண்டியில் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். கருவிப் பெட்டியிலோ சரக்கோடு சேர்த்துக் கட்டியோ அனுப்பினால், வேண்டிய நேரத்தில் அது தீக்குள் இருக்கும். அமெரிக்க விதி இதை நுணுக்கமாகச் சொல்கிறது: ஓட்டுநர் சீட் பெல்ட் மாட்டியிருக்கும்போது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்; அவர் இறங்கிப் போனால் தம் பக்கத்துக் கதவின் உறையிலோ தம் இருக்கையின் மேலோ வைத்துவிட்டுப் போக வேண்டும். ஏ.டி.ஆரில், அவசர காலத்தில் செய்ய வேண்டியவற்றைச் சொல்லும் எழுத்துக் குறிப்பு ஓட்டுநர் குழு படித்துப் புரிந்துகொள்ளும் மொழியில் இருக்க வேண்டும். ஓட்டுநர்கள் டிரெம் கார்டு என்று சொல்லும் அட்டையின் வழிவந்தது இது. அவசர தொலைபேசி எண்ணைக் கேட்கும் நாடுகளில், சரக்கு வழியில் இருக்கும் நேரமெல்லாம் விவரம் தெரிந்த ஒருவர் அதை எடுக்க வேண்டும். உங்கள் ஆவணத்தில் உள்ள எண் அலுவலகத்தின் எண்ணா? ஓர் இரவு பதினொரு மணிக்கு நீங்களே அழைத்துப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். கணக்குப் பிரிவிலிருந்து வந்து மூன்று மாதம் ஆயிற்று என்கிறீர்கள், ஆனால் பயிற்சி என்ற சொல் உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. ஆவணத்தைத் தயாரித்துக் கையெழுத்திடுபவரும், டிரம்மைத் தொடாதவராக இருந்தாலும், பயிற்சி பெற்றிருக்க வேண்டியவர்தான். ஏ.டி.ஆரில் பொறுப்பேற்கும் முன்பே பயிற்சி வேண்டும். அதுவரை பயிற்சி பெற்ற ஒருவரின் நேரடி மேற்பார்வையில் மட்டுமே வேலை செய்யலாம். அமெரிக்க விதியும் மேற்பார்வையில் வேலை செய்ய 90 நாள் அவகாசம் தருகிறது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பயிற்சியைப் புதுப்பிக்கச் சொல்கிறது. பயிற்சிப் பதிவை ஊழியர் பணியில் இருக்கும் காலம் முழுவதும், விலகிய பின் மேலும் 90 நாளும் வைத்திருக்கச் சொல்கிறது. தணிக்கையாளர் உங்கள் அறைக்குள் நுழைந்ததும் சரக்கு ஆவணத்துக்கு முன்பாகவே இந்தப் பதிவைக் கேட்கக்கூடும். ஆகவே நாளையே மேலாளரிடம் எழுத்து மூலம் கேளுங்கள்: எனக்கான பயிற்சி எப்போது, அதுவரை யார் மேற்பார்வையில் நான் கையெழுத்திடுகிறேன்? அவர் தரும் பதிலையும் தேதியிட்டுக் கோப்பில் வையுங்கள். அதை ஸ்கேன் செய்தாலும் அழித்துவிட வேண்டாம்.